யாருடைய மரம்? நடிகரின் கற்பனைப் பயிற்சி பற்றிச் சில கேள்விகள்

நாடகப் பட்டறைகளுக்குப் போய்வந்த தோழர்கள் எல்லோருக்கும் அந்த மரம் தெரிந்திருக்கும். பயிற்சியாளர் கண்ணை மூடச் சொல்வார். மூச்சை இழுத்து விடச் சொல்வார். 'இப்ப நீங்க ஒரு விதை. மண்ணுக்குள்ள கிடக்கிறீங்க. மழை பெய்யுது. முளைக்கிறீங்க. மரமாகுறீங்க' என்பார். சுருண்டு கிடந்த இருபது முப்பது பேர் மெல்ல எழுந்து, கைகளைக் கிளைகளாக விரித்து, இல்லாத காற்றில் ஆடுவார்கள். பிறகு வட்டமாக உட்கார்ந்து 'என்ன அனுபவம் கிடைச்சுது' என்று பேச்சு நடக்கும். 'சுதந்திரமா இருந்துச்சு', 'என்னையே மறந்துட்டேன்' என்று பதில்கள் வரும். கற்பனை வளர்ந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு எல்லோரும் டீ குடிக்கப் போவார்கள்.

தமிழில் நவீன நாடகம் என்று பேசப்படுவதில் பெரும்பகுதி இத்தகைய பட்டறைகளில் உருவானதுதான். 1977இல் காந்திகிராமத்தில் நடந்த பயிற்சி முகாம், அதே ஆண்டு தொடங்கிய கூத்துப்பட்டறை, பிறகு வந்த வீதி நாடகக் குழுக்கள், தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கத்தின் கலைப் பயணங்கள், தொண்டு நிறுவனங்களின் முகாம்கள் என்று இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. இவற்றால் நமக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்ல நான் வரவில்லை. நம் பிள்ளைகள் பலபேர் முதன்முதலாகக் கூச்சம் விட்டு வாய்திறந்தது இங்கேதான். ஆனால் நாம் இதுவரை நாடகப் பிரதிகளைத்தான் சாதி நோக்கில் விமர்சித்து வந்திருக்கிறோம். யார் நாயகன், யார் மொழி, யார் சாமி என்றெல்லாம் கேட்டோம். கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும் பயிற்சியை அப்படிக் கேட்டோமா? அங்கே உடம்புக்கும் மனசுக்கும் என்ன நடக்கிறது? அங்கே 'கற்பனை' என்று சொல்லப்படுவது யாருடைய கற்பனை?

இந்த மரத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. ருஷ்ய நாடகக்காரர் கான்ஸ்டன்டின் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி (1863–1938). தங்க, வெள்ளிச் சரிகை நூல் செய்யும் ஆலை முதலாளியின் மகன். வீட்டிலேயே நாடக மேடை வைத்திருந்த குடும்பம். 1898இல் மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கிய இருவரில் ஒருவர். நடிப்புப் பயிற்சி பற்றிய அவருடைய நூல் 1936இல் ஆங்கிலத்திலும் 1938இல் ருஷ்ய மொழியிலும் வந்தது. ஓர் ஆசிரியரும் மாணவர்களும் வகுப்பறையில் பேசிக்கொள்வதுபோல எழுதப்பட்டது. அதில் கற்பனை பற்றிய அத்தியாயத்தில் ஒரு மாணவனை மரமாகச் சொல்கிறார் ஆசிரியர். அவன் ஓக் மரம் ஆகிறான்.

நம் பட்டறை இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. அந்த ஆசிரியர் நிற்கவில்லை, கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். எங்கே நிற்கிறாய்? ஒரு மலைப்பக்கத்தில். தனியாகவா? ஆமாம். மற்ற மரங்கள் எங்கே போயின? வெட்டிவிட்டார்கள். யார், எதற்கு? மேலே கோட்டையில் இருக்கிற பிரபு, எதிரி மறைந்து வந்து தாக்குவானோ என்ற பயத்தில் காட்டை அழித்துவிட்டான். அப்படியானால் உன்னை மட்டும் ஏன் விட்டுவைத்தான்? என் நிழலில் ஓர் ஊற்று இருக்கிறது, மாடுகளுக்குத் தண்ணீர் வேண்டும். இது என் வார்த்தையில் சொன்ன சுருக்கம்தான். ஆனால் பாருங்கள், வெறும் மரமாக இருந்த ஒன்று நாலு கேள்வியில் ஒரு பண்ணைக்காரனின் நிலத்துக்குள் வந்து நிற்கிறது. உடைமை வந்துவிட்டது, பயம் வந்துவிட்டது, தண்ணீர் யாருக்கு என்பது வந்துவிட்டது. யார், எப்போது, எங்கே, ஏன், எதற்காக என்று கேட்காமல் பொத்தாம் பொதுவாகக் கற்பனை செய்வது வீண் என்பதுதான் அந்த அத்தியாயத்தின் சாரம். 'கொடுக்கப்பட்ட சூழ்நிலைகள்' என்று அவர் சொன்னது இதைத்தான். ஆலை முதலாளியின் மகன் கேட்ட கேள்வியை நம்முடைய முற்போக்குப் பயிற்சியாளர்கள் கழற்றி எறிந்துவிட்டு மரத்தை மட்டும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.

ஏன் கழற்றினார்கள்? நேரமில்லை என்பார்கள். மூணு நாள் முகாமில் எவ்வளவுதான் செய்வது என்பார்கள். எனக்கு அது மட்டும் காரணமாகத் தெரியவில்லை. அந்தக் கேள்வியை இந்த மண்ணில் கேட்டால் சாதி வந்துவிடும். புளியமரம் என்றால் யார் தோப்புப் புளி? உலுக்கிய பழத்தைப் பொறுக்கக் கூலிக்குப் போனவள் மடியில் ரெண்டு பழம் முடிந்துகொண்டதற்காக அதே மரத்தில் கட்டிவைத்த கதை எந்தச் சேரியில் இல்லை? ஆலமரம் என்றால் அதைச் சுற்றி மேடை. மேடைமேல் ஊர்ப் பஞ்சாயத்து. எதிரே வெயிலில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றவர்கள். நம் ஊரில் சாதிக்கு வெளியே நிற்கிற மரம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். கையை விரித்துக் காற்றில் ஆடி 'என்னையே மறந்துட்டேன்' என்று சொல்ல முடிகிறதென்றால், மறக்கும்படியான இடத்தில் பிறந்த உடம்பாக அது இருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துக் காலனிப் பிள்ளைகளோடு நான் இந்தப் பயிற்சியைப் பழைய கேள்விகளோடு செய்து பார்த்திருக்கிறேன். பத்தாவது படிக்கிற ஒரு பெண், 'நான் ஆண்டை வூட்டுக் கொல்லையில இருக்கற புளியமரம்' என்றாள். எவ்வளவு வயசு? 'எங்க தாத்தாவுக்கு முன்னாடியே இருக்கேன்.' உன் உடம்பில் என்ன இருக்கிறது? கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு 'கயிறு தேஞ்ச தடம் இருக்கு' என்றாள். அது எதனால் வந்தது என்று நான் கேட்கவில்லை. சுற்றி இருந்தவர்களும் கேட்கவில்லை. அவள் கைகளை விரிக்கவும் இல்லை. உடம்பைக் கொஞ்சம் திருப்பி, தடம் இருக்கிற பக்கத்தை நம் பார்வையிலிருந்து மறைத்துக்கொண்டாள். நான் எத்தனையோ நவீன நாடகங்கள் பார்த்திருக்கிறேன். அப்படி ஓர் அசைவை எந்த மேடையிலும் பார்த்ததில்லை.

அதே நூலில் இன்னொரு பயிற்சி இருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் வெறிபிடித்த பைத்தியக்காரன் ஒருவன் நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் என்ன செய்வீர்கள்? மாணவர்கள் பதறியடித்துக்கொண்டு மேசை நாற்காலிகளை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுக்கிறார்கள். ஒருவன் மேசைக்கு அடியில் ஒளிகிறான். 'ஒருவேளை இப்படி இருந்தால்' என்ற சொல் மந்திரம்போல வேலை செய்து பொய்யை உண்மையாக்குகிறது என்பது பாடம். நல்ல பாடம்தான். ஆனால் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்ட 44 பேருக்கு அந்த 'ஒருவேளை' கிடையாது. வெளியே நின்றவர்கள் பைத்தியக்காரர்களும் இல்லை. தெளிந்த புத்தியோடு, கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதற்காக வந்தவர்கள். இந்த ஒரு நிகழ்வை வைத்தே கற்பனை எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்க்கலாம். அதைப் பின்னணியாக வைத்து எழுதப்பட்ட இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1977இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. 44 பேர் எரிந்ததன் காரணத்தைத் தேடிப் போன அந்தக் கற்பனை பண்ணையாரின் ஆண்மைக் குறைவில் போய் நின்றது. எழுத்தாளரின் தீய எண்ணம் என்று நான் சொல்லவில்லை. கதவுக்கு உள்ளே இருந்து யோசிக்கிற கற்பனைக்கும் வெளியே இருந்து யோசிக்கிற கற்பனைக்கும் உள்ள தூரம் இது. நடிகனுக்கும் இதே தூரம் உண்டு. எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று கேட்காமல் 'கற்பனை பண்ணு' என்றால் அவன் பழகிய பக்கத்துக்குத்தான் போவான்.

கவனிப்புப் பயிற்சி என்று ஒன்று வைப்பார்கள். காலையில் எல்லோரையும் தெருவுக்கு அனுப்பி, யாராவது ஒருவரை உன்னிப்பாகப் பார்த்துவிட்டு வந்து அவராகவே நடித்துக்காட்ட வேண்டும். கற்பனைக்குத் தீனி வெளியிலிருந்து வரவேண்டும் என்பது சரியே. ஆனால் யாரைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்? செருப்புத் தைக்கிறவர். தெருக் கூட்டுகிற அம்மா. குடித்துவிட்டு விழுந்துகிடக்கிறவன். பிச்சைக்காரி. நான் பார்த்த முகாம்களில் இந்தப் பட்டியல் மாறியதே இல்லை. செருப்புத் தைக்கிறவரின் கூன், கூட்டுகிற அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வது எல்லாம் அச்சு அசலாக வரும், கைதட்டும் கிடைக்கும். வேலைக்காரிக்குத் தனி டம்ளரில் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவள் அதைக் கழுவி வைக்கிறாளா என்று கண்ணாலேயே பார்க்கிற தன் அம்மாவை யாராவது நடித்துக்காட்டி இருக்கிறார்களா? அந்தக் கண்ணை நடிக்க எவ்வளவு நுட்பம் வேண்டும்! நம்மை யாரும் உற்றுப் பார்க்கக் கூடாது, நாம் எல்லோரையும் பார்க்கலாம் என்கிற அதிகாரம்தான் இங்கே கவனிப்பு என்ற பெயரில் பயிற்சியாகிறது.

இதற்கும் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி நூலிலேயே ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. கதை சொல்கிற மாணவன் முதல் நாள் ஒதெல்லோ வேடத்துக்குத் தன்னந்தனியாக ஒத்திகை பார்க்கிறான். சாக்லேட்டையும் வெண்ணெயையும் குழைத்து முகத்தில் பூசிக்கொள்கிறான். கண்ணாடியில் பல்லும் கண்ணும் பளபளப்பதைப் பார்த்துப் பூரித்துப்போகிறான். மூர் என்றால் காட்டுமிராண்டி, காட்டுமிராண்டி என்றால் புலிபோலப் பதுங்குவான் என்று பாய்ந்து பாய்ந்து நடக்கிறான். எந்தக் கறுப்பு மனிதனையும் அவன் பார்க்கவில்லை. தனக்குள் ஏற்கெனவே இருந்ததைத்தான் பூசிக்கொண்டான். அவன் ஆசிரியர் இதை ஏற்றுக்கொள்ளாமல் கண்டிக்கிறார். நம் ஊரில் அந்தச் சாக்லேட்டை இன்னும் யாரும் கழுவவில்லை. சேரிக்காரன் வேடம் என்றால் முழங்காலுக்கு மேல் அழுக்கு வேட்டி, கூனிய முதுகு, 'சாமீ' என்று இழுக்கிற குரல். சினிமாவில் மட்டுமா? நமக்காகப் பரிந்து பேசுகிற மேடைகளிலும் அதேதான். கைகட்டி நிற்கிறவன் உடம்புக்குள்ளே என்னவெல்லாம் ஓடுகிறது என்று கற்பனை செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை. ஆண்டை என்ன நினைக்கிறார், எந்த நிமிஷத்தில் கை ஓங்குவார், எந்தச் சொல்லுக்குச் சிரிப்பார் என்று அவர் முகத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே நிற்கிறவன் அவன். அடுத்தவன் மனசுக்குள் புகுந்து பார்க்கிற கற்பனைதான் நடிகனுக்கு வேண்டும் என்றால், தலைமுறை தலைமுறையாக உயிர் பிழைப்பதற்கே அந்தப் பயிற்சியைச் செய்தவர்கள் நாம். நமக்குக் கற்பனை போதவில்லை என்று வளர்க்க வருகிறார்கள்!

இனி உணர்ச்சி நினைவு. இந்தப் பயிற்சி பற்றித்தான் தோழர்கள் கொஞ்சம் ஆழமாக யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பாத்திரத்துக்கு வேண்டிய துக்கத்தையோ பயத்தையோ நடிகர் தன் சொந்த வாழ்க்கையில் பட்ட ஒன்றை நினைத்து வரவழைத்துக்கொள்வது. பிரெஞ்சு உளவியலாளர் ரிபோவின் எழுத்திலிருந்து ஸ்தனிஸ்லாவ்ஸ்கி இதை எடுத்தார். அமெரிக்காவில் 1931இல் தொடங்கிய குரூப் தியேட்டரில் லீ ஸ்ட்ராஸ்பெர்க் இதையே பயிற்சியின் மையமாக்கினார்.

நம் முகாம்களில் இது எப்படி நடக்கிறது? ஒரு முகாமில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். விளக்கைக் குறைத்துவிட்டு, 'உங்க வாழ்க்கையில ரொம்ப அவமானப்பட்ட ஒரு தருணத்துக்குப் போங்க' என்றார் பயிற்சியாளர். ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். ஒருவர் கணக்குப் பரீட்சையில் தோற்றதைச் சொன்னார். ஒருவர் காதல் தோல்வியைச் சொன்னார். எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன், பள்ளிக்கூடத்தில் தன்னை மட்டும் கூப்பிட்டுக் கக்கூஸ் கழுவச் சொன்னதைச் சொன்னான். சொல்லும்போதே உடைந்து அழுதான். 'அதுதான், அதை விடாதே, அப்படியே வசனத்துக்கு வா' என்று பயிற்சியாளர் கத்தினார். பையன் வசனத்தைச் சொன்னான். எல்லோரும் கைதட்டினார்கள். சாயங்காலம் பார்வையாளர்களுக்குக் காட்டும்போது மறுபடியும் அதே இடத்துக்குப் போகச் சொன்னார்கள். மறுநாள் அவன் வரவில்லை. 'டெடிகேஷன் இல்லை' என்று அவன் பெயரை அடித்துவிட்டார்கள்.

கணக்குப் பரீட்சையும் இதுவும் ஒரே தட்டில் வைக்கக்கூடிய 'அவமானம்' என்று அந்த அறை நினைத்தது. மாற்றாரின் நாடகத்துக்கு ஈரம் சேர்க்க நம் புண்ணிலிருந்து தண்ணீர் இறைத்தார்கள். கேட்டால் கலை என்பார்கள். இதுவும் கூலியில்லா வேலைதான், வெட்டிதான். நம் கதைகளை நாம் சாட்சியமாக எழுதுகிறோம், இந்தப் பக்கங்களிலேயே எழுதுகிறோம். ஆனால் எப்போது சொல்வது, எவ்வளவு சொல்வது, யார் முன்னால் சொல்வது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் எழுதுகிறவர் கையில் இருக்கிறது. சாட்சியத்துக்கும் பிடுங்கி எடுத்ததற்கும் வித்தியாசம் இல்லையா?

எங்க ஆயா ஒப்பாரி வைக்கும். ஆண்டை வீட்டில் சாவு விழுந்தால் சேரிப் பெண்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள். வாசலுக்கு வெளியே தெருவில் உட்கார்ந்து மாரடித்து அழ வேண்டும். 'கூலிக்கு மாரடிக்கிறது' என்று ஊர் அதைப் பழமொழியாக்கி, மனசில்லாமல் செய்கிற வேலைக்கெல்லாம் அந்தப் பெயரை வைத்திருக்கிறது. ஆயாவிடம் சின்ன வயசில் கேட்டிருக்கிறேன், 'அந்தாளு செத்ததுக்கு நீ ஏன் ஆயா அழுவற?' 'அந்தாளுக்கு யாருடா அழுதது? மூணு மாசத்துல போச்சே எங் கொழந்த, அதுக்கு அழுவேன். எங்கம்மாவுக்கு அழுவேன். வாயி ஆண்டை பேரச் சொல்லும்' என்றது. அதோடு இன்னொன்றும் சொல்லும்: 'எல்லாத்தயும் அங்க எறக்கி வெச்சிரக் கூடாது. ஒண்ண மட்டும் எடுக்கணும். மிச்சத்த நம்ம சாவுக்கு வெச்சிக்கணும்.'

ஸ்ட்ராஸ்பெர்க் பெயரை ஆயா கேட்டதில்லை. ஆனால் உணர்ச்சி நினைவுப் பயிற்சியில் அவரைவிட ஒரு படி மேலே நின்று பேசியிருக்கிறது என்றுதான் சொல்வேன். எந்த நினைவை எடுப்பது என்று முடிவு செய்தது ஆயா. என்ன நினைக்கிறாள் என்பது வெளியே யாருக்கும் தெரியாது. அந்த வீட்டுக்காரர்கள் கேட்டது ஒன்று, நடந்தது வேறொன்று. கட்டாயத்தின் நடுவில் தனக்கென்று ஒரு கதவை உள்பக்கமாகத் தாழ்போட்டுக்கொண்ட கலை அது. ஒப்பாரியைப் பாமர மக்களின் வெள்ளந்தியான உணர்ச்சி வெளிப்பாடு என்று எழுதுகிற நாட்டுப்புறவியல் அறிஞர்கள் இந்தத் தாழ்ப்பாளைப் பார்த்ததே இல்லை. அதற்காக, சாவு வீட்டு ஊழியத்தை நான் மேன்மைப்படுத்துகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பறையடிக்க மாட்டோம், ஒப்பாரிக்குப் போக மாட்டோம் என்று நின்று அடிபட்டவர்கள் செய்தது சரி. பறையைக் காய்ச்சி நிமிர்ந்து நின்று மேடையில் அடிக்கிறவர்கள் செய்வதும் சரி. ஊழியம் போகட்டும், அதற்குள் நம் பெண்கள் கண்டுபிடித்த வித்தை நம்முடையது.

1934இல் நடந்தது ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். குரூப் தியேட்டரின் நடிகை ஸ்டெல்லா ஆட்லர், சொந்த நினைவைத் தோண்டுகிற இந்த முறையால் நடிப்பே கசந்துபோய், பாரிஸில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியை நேரில் சந்தித்துச் சில வாரங்கள் பயின்றார். அவரோ அதற்குள் உணர்ச்சி நினைவைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, சூழ்நிலை, கற்பனை, உடல் செயல் என்று வேறு திசையில் போய்க்கொண்டிருந்தார். ஆட்லர் ஊர் திரும்பி அதைச் சொன்னதும் ஸ்ட்ராஸ்பெர்க்கோடு பெரிய சண்டை. ஆன்டன் செக்காவின் அண்ணன் மகனான மிகயில் செக்காவும், நடிகன் தன் சொந்தப் புண்ணைக் கிளறாமல் பாத்திரத்தைக் கற்பனையில் எதிரே நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும் என்ற பக்கம்தான் நின்றார். ஆக, கற்பனைப் பயிற்சி என்பது நடிகரைத் தன் காயத்திலிருந்து காப்பாற்றவும் வந்த ஒன்று. நம் முகாம்களுக்கு வந்து சேர்ந்ததோ அவர்களே சண்டைபோட்டுக் கழித்துக்கட்டிய பாதி.

இதைச் சொன்னால் நம் தோழர்களில் சிலர், 'நமக்கு எதுக்கு இந்தப் பயிற்சியெல்லாம், நம்ம வாழ்க்கையே பயிற்சிதான்' என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இலக்கியத்தில் 'தலித்தாகப் பிறந்தவர்தான் தலித் இலக்கியம் எழுத முடியும்' என்ற விவாதம் தொண்ணூறுகளில் நடந்தபோது அனுபவத்தின் பக்கம் நின்றவன்தான் நான், இப்போதும் நிற்கிறேன். ஆனால் மேடையில் அனுபவம் மட்டும் முப்பது நாள் தாங்காது. முதல் ஊரில் நிஜமாகவே அழுகிற பையன் ஐந்தாவது ஊரில் அழுகிற மாதிரி நடிப்பான், பத்தாவது ஊரில் கத்துவான். வீதி நாடகத்தோடு ஊர் ஊராகப் போனவர்களுக்கு இது தெரியும். அதைவிட முக்கியம், நம் நாடகங்களில் வருகிற ஆண்டை. மீசையை முறுக்குவான், தொப்பையைக் குலுக்கிச் சிரிப்பான், 'டேய்' என்பான், போய்விடுவான். அவனை வைத்துச் சிரித்துவிட்டு நாமும் கலைந்துபோகிறோம். அவன் பூசிக்கொண்டிருப்பதும் அதே சாக்லேட்தான், வேறு நிறத்தில்.

நிஜமான ஆண்டை அப்படியா இருக்கிறார்? பேரனை மடியில் வைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். வயலில் பாம்பு கடித்தவனுக்குத் தன் வண்டியைக் கொடுத்தனுப்புவார். அதே வாயால், குரலைக்கூட உயர்த்தாமல், 'அவனுக்கு அப்படி ஓரமா ஊத்தும்மா' என்பார். அந்த நிதானத்தை நடிப்பதற்குக் கற்பனை வேண்டும், பயிற்சி வேண்டும். நம்மை அடிக்கிறவனை உள்ளே போய்ப் பார்ப்பதால் அவன் மேல் பரிவு வந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. அவன் எந்த இடத்தில் உறுதியாக இருக்கிறான், எந்த இடத்தில் பயப்படுகிறான் என்பது தெரியும். அந்த ஓக் மரத்தின் பிரபு காட்டை வெட்டியது பயத்தில்தானே?

பிரேசில்காரர் அகஸ்டோ போவால் (1931–2009) நமக்குப் பயன்படுவது இந்த இடத்தில்தான். 1971இல் ராணுவ ஆட்சி அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்தது. விடுபட்டு நாட்டைவிட்டுப் போனார். 1973இல் பெருவில் எழுத்தறிவுத் திட்டத்தில் வேலை செய்தபோது, பார்வையாளரே எழுந்து வந்து நடிகரை விலக்கிவிட்டு, 'நான் இருந்தா இப்படிச் செய்வேன்' என்று நடித்துக்காட்டும் முறையைக் கண்டார். 'ஒருவேளை நான் அங்கே இருந்தால்' என்கிற அதே பழைய கேள்விதான். போவாலிடம் அது நடிகனின் கையிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர் கைக்குப் போய்விட்டது. மேற்கு வங்கத்தில் ஜன சன்ஸ்கிருதி குழு 1985இலிருந்து கிராமங்களில் வேலை செய்துவருகிறது, அவர்கள் எடுத்துக்கொண்டதும் இந்த முறையைத்தான்.

அவருடைய பயிற்சிகளில் ஒன்று கை வசியம். ஒருவர் தன் உள்ளங்கையை அடுத்தவர் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொள்ள வேண்டும். கை எங்கே போகிறதோ முகம் அதே தூரத்தில் பின்னாலேயே போக வேண்டும். கீழே போனால் குனிய வேண்டும், தரையைத் தொட்டால் தவழ வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து மாற்றிக்கொள்ள வேண்டும். சாதி கலந்த குழுவில் இதைச் செய்யும்போது கவனித்துப் பாருங்கள். நம் பையன் கை நீட்டி ஊர்ப் பையனைக் குனியவைக்கிற முறை வரும்போது கை தானாகவே மேலேயே நிற்கும், கீழே இறங்காது. யாரும் தடுக்கவில்லை. விளையாட்டுத்தான் என்று இருவருக்கும் தெரியும். இருந்தும் இறங்காது. அந்தக் கை ஏன் இறங்கவில்லை என்று ஒரு மணி நேரம் பேசலாம். எந்த விதை-மரப் பயிற்சியிலும் கிடைக்காத விஷயம் அதில் கிடைக்கும்.

இன்னொன்று அதிகார விளையாட்டு. ஒரு மேசை, ஆறு நாற்காலி, ஒரு பாட்டில். ஆள் யாரும் இருக்கக் கூடாது. இவற்றை மட்டும் வைத்து, ஒரு நாற்காலி மற்ற எல்லாவற்றையும்விட அதிகாரம் உள்ளதாகத் தெரியும்படி அடுக்க வேண்டும். ஒருவர் அடுக்கியதை அடுத்தவர் மாற்றலாம். பிரேசிலில் இது பொதுவான அதிகாரம். நமக்கு நாற்காலி என்றால் வேறு. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996லிருந்து 2006 வரை நம் ஆள் ஒருவர் உட்காரக் கூடாது என்பதற்காகவே பத்து வருஷம் காலியாகக் கிடந்தது நாற்காலி. மேலவளவில் 1997இல் அதில் உட்கார்ந்ததற்காக முருகேசன் தலை வெட்டப்பட்டது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் ஊராட்சித் தலைவர் தரையில் உட்கார, உறுப்பினர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த படத்தை நாடே பார்த்தது.

எங்கள் பிள்ளைகளோடு இதைச் செய்தபோது பந்தல் கடையிலிருந்து ஆறு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்தோம். முதலில் ஒருவன் ஒரு நாற்காலியைத் தூக்கி மேசைமேல் வைத்தான். அவ்வளவுதானா என்றார்கள். ஒரு பெண் ஐந்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். அடுத்தவன் எல்லாவற்றையும் நேராக வட்டமாக வைத்துவிட்டு, ஒன்றை மட்டும் தூக்கிப்போய்க் கதவுக்கு வெளியே, செருப்புக் கிடக்கிற இடத்தில் வைத்தான். 'எது அதிகாரம்னு கேட்டா நீ எது அடிமைன்னு காட்டுற' என்று ஒருத்தி சண்டைக்குப் போனாள். 'வெளிய ஒண்ணு இருந்தாத்தான் உள்ள அஞ்சுக்கும் அதிகாரம்' என்றான் அவன். அப்போது மரப் பயிற்சியில் புளியமரமாக நின்ற பெண் எழுந்துபோய், வெளியே கிடந்த நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு அதன் முகத்தை மட்டும் திருப்பினாள். அதுவரை உள்ளே பார்த்துக்கொண்டிருந்த அது தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. பாட்டிலை அதன் மேல் வைக்கலாமா, வைத்தால் அது தண்ணீரா சாராயமா என்று கத்திக்கொண்டே இருந்தார்கள். நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிப் பந்தல் கடைக்காரர் ஆள் அனுப்பும்வரை அது முடியவில்லை.